கண்ணாடி கையில் இருக்கும்போது

எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிட்ட கூட்டாளியின் அக்கா கண்ணாடிக் கடைக்குள் வந்தபோது குள்ளன் வெட்டுமேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கையில் இருந்த பென்சிலைத் தானே கீழே போட்டான், அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தான், குனிந்தவன் அப்படியே இருந்துவிட்டான். நாற்பத்தோரு வயது. ஒரு பிள்ளைக்கு அப்பன். ஆறடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி ஏறுகிறவன். ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்துப் பயந்துபோய்க் கண்ணாடித் தூளுக்கு நடுவில் குந்தியிருந்தான்.

செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடது கால் லேசாக இழுத்து நடந்தது.

"என் தம்பி இங்கதான் வேலை பார்த்தான்" என்றது குரல். முதலாளி நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "உட்காருங்கம்மா, உட்காருங்க. தண்ணி கொண்டுவரச் சொல்லட்டா?"

"வேணாங்க. அவன்கூட கண்ணாடி தூக்குறவர் யாரு? போன்ல அடிக்கடி சொல்லுவான். குள்ளன் அப்படிச் சொன்னான், குள்ளன் இப்படிச் சொன்னான்னு."

முதலாளியின் முகம் மேசைக்கு அடியில் தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"டேய், வெளிய வா. அங்கயே குடித்தனம் பண்ணப்போறியா?"

குள்ளன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். எதிரே நின்றவள் ஐம்பதை ஒட்டியவள். ஒட்டகத்தின் அதே நீளமூக்கு, அதே தொங்கல் இமை. அவன் முகத்தை எடுத்து ஒரு பெண்ணுக்கு மாட்டிவிட்டது போல இருந்தது. குள்ளன் தரையைப் பார்த்தான்.

"நீங்கதானா?" என்றாள். "என் தம்பி உங்ககிட்ட எதாச்சும் சொன்னானா?"

"இல்லக்கா" என்றான் குள்ளன். வாயிலிருந்து தானாக வந்தது. போலீஸ்காரர் கேட்டபோதும் இப்படித்தான் வந்தது. ஒரு தடவை சொல்லிப் பழகிய பொய்க்கு இரண்டாவது தடவை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஒட்டகம் செத்துப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் அறையில், தானாகவே போய்விட்டான். உடம்பை அக்கா வீட்டார் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று குள்ளன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான். குள்ளமாக இருப்பதில் அது ஒரு வசதி. இப்போது அவள் அறையைக் காலி செய்துகொடுக்கத் தனியாக வந்திருக்கிறாள்.

முதலாளி நல்ல மனசோடுதான் அந்த வெடியை வைத்தார். "நாளைக்கு இவனை அனுப்பி வைக்கிறேம்மா. சாமான் இறக்க, கட்ட, எல்லாத்துக்கும் ஒத்தாசையா இருப்பான். ரெண்டு நாள் கடைக்கு வரவேணாம்டா, போ."

கண்ணாடிக் கடையில் இவர்கள் இரண்டு பேரும் ஏழு வருஷம் ஜோடி. ஒருவன் ஆறடி மூன்றங்குலம், ஒருவன் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை மேல். ரோட்டில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் மாடிப்படிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. படி ஏறும்போது குள்ளன் முன்னால், மேல்படியில். ஒட்டகம் பின்னால், கீழ்ப்படியில். கண்ணாடி மட்டமாக நிற்கும். "கடவுள் நம்மளைப் படிக்கட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கான்டா. சமதரையில நம்மளால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்பான் ஒட்டகம்.

கண்ணாடி கையில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது கடையின் சட்டம். நான்கு வார்த்தைக்கு மட்டும் அனுமதி: படி, திருப்பு, நில்லு, இறக்கு. முன்னால் போகிறவன் சொல்வான், பின்னால் வருகிறவன் "ம்" என்பான். வேறு பேச்சு கிடையாது. முன்னொரு காலத்தில் அந்தக் கடையில் ஒருவன் பாதிப்படியில் ஜோக் சொல்ல, கூட வந்தவன் சிரிக்க, சிரித்தவனுக்கு இன்றுவரை இரண்டு விரல் மடங்காது. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கண்ணாடி முறுகும். முறுகினால் அது விரிசல் விட்டுக் காட்டுகிற ஜாதி இல்லை. ஒரே போடு.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர் ஒருவரின் மூன்றாவது மாடிக்குத் தடுப்புக் கண்ணாடி. லிஃப்ட் சின்னது, கண்ணாடி நுழையாது. இரண்டாவது மாடித் திருப்பம் தாண்டி நாலு படி ஏறியிருப்பார்கள். பின்னாலிருந்து ஒட்டகம் பேசினான். மணி என்ன என்று கேட்கிற குரல்தான்.

"டேய், எனக்கு இருக்கவே வேணாம்னு தோணுதுடா. காலைல கண்ணு முழிச்சதும், அய்யோ, முழிச்சுட்டோமேன்னு இருக்கு."

"கண்ணாடி கையில இருக்கு" என்றான் குள்ளன். "பேசாம நட. இறக்கி வச்சிட்டுப் பேசலாம்."

"சரி" என்றான் ஒட்டகம்.

இறக்கி வைத்தார்கள். பேசவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஒட்டகம் உயிரோடு இருந்தான்.

இதைக் குள்ளன் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கடைக்கு வந்த அன்று சாயங்காலம்தான் முதல்முறையாகத் தன் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் துணிக் கம்பெனியில் காஜா எடுக்கிறவள். ஒரு நாளைக்கு எண்ணூறு பட்டன் ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் எதையும் உற்றுப் பார்த்தே பேசுவாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு அவனை உற்றுப் பார்த்தாள்.

"போலீஸ்கிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன? அதோட விடு. இப்ப போய் மாத்திச் சொன்னா உன்னையப் பிடிச்சு உட்கார வைப்பாங்க. நீ சொன்னா போனவன் எழுந்து வருவானா?"

"அந்த அக்கா ரூம் பூரா எதையோ தேடுதாம். கீழ கடைக்காரன்கிட்ட கேக்குதாம், பால் போடுறவன்கிட்ட கேக்குதாம்."

"தேடட்டும். கூடப் பொறந்தவ, தேடாம இருப்பாளா? அழுது ஆறிடுவா." கத்தியை மறுபடி எடுத்தாள். "சொன்னா நீதான் ஆறமாட்ட. உன்னைய எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. குள்ளனும் அப்படியே இருந்துவிடுவது என்றுதான் படுத்தான்.

மறுநாள் அறைக்குப் போனான். மொட்டைமாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறை. கட்டில், ஒரு மேசை, கொடியில் நான்கு சட்டை. ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது, அதற்கு அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தான். அந்த டேப் காய்ந்து சுருண்டு பல மாசம் ஆகியிருந்தது. குள்ளன் இந்த அறைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து சீட்டு விளையாடுவான். பிறகு ஒட்டகம் கூப்பிடவில்லை, இவனும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை.

"கண்ணாடிக் கடைல வேலை பாக்குறவன் ஜன்னலுக்கு அட்டையா?" என்றாள் அக்கா. "முன்னாடி வீட்டுல ஒரு கதவு கிறீச்சுன்னா போதும், எண்ணெய்ப் புட்டியோட வந்து நிப்பான்."

குள்ளன் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினான். கழுவிக் கவிழ்த்திருந்தவைதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பேப்பர் சுற்றினான், உடையவே உடையாத எவர்சில்வருக்கும் சேர்த்து.

"கடையில எல்லாரும் ஒட்டகம் ஒட்டகம்னு சொன்னாங்களே, அவனையா?"

"ஆமாக்கா. உயரத்துக்காக. மத்தபடி மரியாதைக் குறைவா இல்ல."

"பதினாறு வயசு வரைக்கும் எங்க வீட்டுலயே அவன்தான் குட்டை" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "நான் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுக் கடைக்குப் போவேன். ஆறாம் வகுப்பு வரைக்கும் தூக்கினேன்னா பாத்துக்கோங்க. திடீர்னு ஒரு வருஷத்துல மரம் மாதிரி ஆயிட்டான். ஆனதுல இருந்து யாரும் தூக்க முடியல."

மேசை இழுப்பறையில் ஒரு டாக்டர் சீட்டு கிடைத்தது. ஐந்து மாசத்துக்கு முந்தைய தேதி. மனசுக்கும் தூக்கத்துக்கும் பார்க்கிற டாக்டர். ஒரே ஒரு தடவை போயிருக்கிறான். மறுபடி வரச்சொல்லி எழுதியிருந்த தேதி வந்து போயிருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். படுக்கை சுருட்டிய வெறுங்கட்டில்.

"இதுகூட எனக்குத் தெரியல. அஞ்சு மாசமா முடியாம இருந்திருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல." சீட்டை மடித்தாள், பிரித்தாள். "ஆனா சாகுற அளவுக்கு இல்லல்ல? அஞ்சு மாசமும் வேலைக்கு வந்தான்ல? சாப்பிட்டான்ல? அந்த அளவுக்குத் தள்ளினது நான்தான் தம்பி."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"உங்களுக்கு என்ன தெரியும்? சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான். எனக்குக் கால்ல ஆபரேஷன் ஆகி ஒரு மாசம். வரேன் வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. எனக்கு ஆத்திரம். வலி வேற. அவன் ஏதோ சொல்ல வந்தான், 'அக்கா, நான்'னு ஆரம்பிச்சான். நான் விடல. 'நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ரெண்டும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டேன்." கையால் வாயை மூடிக்கொண்டாள். விரலுக்கு நடுவிலிருந்து மீதி வந்தது. "மறுநாள் செஞ்சு காட்டிட்டான். என் வார்த்தையக் கேட்டுத்தான் போனான். என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் இதைச் சொல்லல. சொன்னா, நீதான்டி கொன்னன்னு ஒருநாள் சண்டைல சொல்லிடுவாரு."

குள்ளன் கையில் இருந்த தம்ளருக்குப் பேப்பர் சுற்றி முடித்தான். முடித்த பிறகும் சுற்றினான்.

அவன் பெண்டாட்டி சொன்னது ஞாபகம் வந்தது. அழுது ஆறிடுவா. இவள் ஆறுகிறவள் மாதிரி தெரியவில்லை. இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவாள், சமைக்கும்போது இது கூட நிற்கும், கால் நீட்டிப் படுக்கும்போது கூடப் படுக்கும். அவன் வாயைத் திறந்தால் அதில் பாதி இறங்கும். இறங்குகிற பாதி எங்கே போய் உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அக்கா" என்றான். "எங்கிட்ட சொன்னான்."

அவள் நிமிர்ந்தாள்.

"நேத்து இல்லன்னு பொய் சொன்னேன். அவன் போறதுக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை. உங்க போனுக்கு ரொம்ப முன்னாடி. கண்ணாடி தூக்கிட்டுப் படி ஏறும்போது சொன்னான். இருக்கவே வேணாம்னு தோணுதுன்னான். காலைல கண்ணு முழிச்சதும், அய்யோ, முழிச்சுட்டோமேன்னு இருக்குன்னான்."

அக்கா சத்தமில்லாமல் விரல் விட்டு எண்ணினாள். செவ்வாயிலிருந்து அடுத்த வாரத்துச் சனி வரை. எண்ணி முடித்து, மறுபடி எண்ணினாள்.

"அப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே..."

"முன்னாடியேக்கா."

"நீ என்ன சொன்ன?"

"பேசாம நடன்னு சொன்னேன். இறக்கி வச்சிட்டுப் பேசலாம்னு. எங்க வேலையில அப்படித்தான். கண்ணாடி கையில இருந்தா பேசக்கூடாது."

"முகம் எப்படி இருந்துச்சு அவனுக்கு?"

"பாக்கல. அவன் பின்னாடி. திரும்ப முடியாதுக்கா. திரும்பினா கண்ணாடி உடைஞ்சிரும்."

"உடைஞ்சா?"

குள்ளன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், வேலைக்காரன் யோசிக்கிற மாதிரி. "வேற ஒண்ணு வெட்டியிருப்போம்" என்றான்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"இறக்கி வச்சதுக்கு அப்புறம்?"

"பத்து நிமிஷம் படியில உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சாவி கொண்டுவர லேட்டாச்சு."

"அப்ப கேக்க மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறதிக்கு யாரும் பெரிய தண்டனை கொடுப்பதில்லை. குள்ளன் அந்த ஆமாமை வாய் வரைக்கும் கொண்டுவந்தான்.

"மறக்கலக்கா. ஞாபகம் இருந்துச்சு. அந்தப் பத்து நிமிஷமும் அதேதான் மனசுல ஓடுச்சு. என் பையன் மார்க்கைப் பத்திப் பேசினேன். கண்ணாடி ஒட்டுற சிலிக்கான் தீந்துபோச்சுன்னு பேசினேன். அவனா ஆரம்பிச்சான், அவனே எடுக்கட்டும்னு இருந்தேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவானோன்னு பயம். சொல்லிட்டா நான் என்ன பண்றது? எனக்கு என்ன தெரியும்? அடுத்த நாளும் கேக்கல. அதுக்கு அடுத்த நாளும். அவன் சிரிச்சுப் பேசினான், சரியாப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கலக்கா. நினைச்சுக்க ஆசைப்பட்டேன்."

அக்கா எழுந்தாள். கால் வலித்திருக்க வேண்டும், கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

"எனக்குப் போன்ல அஞ்சு நிமிஷம் கிடைச்சுது" என்றாள். குரல் உயரவே இல்லை. "உனக்குப் பன்னெண்டு நாள் இருந்துச்சு."

"ஆமாக்கா."

"என் நம்பர் அவன் போன்ல இருந்துச்சு. கடை முதலாளிகிட்ட இருந்துச்சு. ஒரு போன். உங்க தம்பி சரியில்லக்கா, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு போன். நொண்டிக்கிட்டாவது வந்திருப்பேன்ல?"

"வந்திருப்பீங்க."

"வெளிய போ."

குள்ளன் வெளியே போனான். மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே அவள் அழுகிற சத்தத்தை எதிர்பார்த்தான். அது வரவில்லை. சாமான் இழுக்கிற சத்தம்தான் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தான். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். கீழே போய் ஒரு சுமைவண்டிக்காரனை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தான். அவள் எந்த பஸ்ஸில் போனாள் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"சொல்லிட்டேன்" என்றான் வீட்டில்.

"முகத்தைப் பாத்தாலே தெரியுது" என்றாள் பெண்டாட்டி. தட்டை எடுத்து வைத்தாள். அவன் சாப்பிடவில்லை, அவள் எடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போன் அடித்தது.

"நான்தான்" என்றாள் அக்கா. நலம் விசாரிக்கவில்லை. "அவன் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லு. ஒரு வார்த்தை விடக்கூடாது."

குள்ளன் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் அடித்தது. அதற்கு அடுத்த ஞாயிறும். சில வாரம் சின்னக் கேள்வி ஒன்றும் சேர்ந்து வரும். எந்தப் படியில் சொன்னான்? சொன்னபோது மூச்சு வாங்கியதா? அந்த 'சரி'யை எப்படிச் சொன்னான், கோபமாகவா, சும்மாவா? தெரிந்ததற்குப் பதில் சொன்னான், தெரியாததற்குத் தெரியாது என்றான். ஏன் அவனுக்கு அப்படித் தோன்றியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அதை அவள் கேட்கவே இல்லை. கேட்டுப் பார்த்துக் களைத்திருக்க வேண்டும்.

"இது என்ன, கோர்ட்டு மாதிரி வாராவாரம் வாய்தாவா?" என்றாள் பெண்டாட்டி. "எடுக்காத. நாலு வாரம் எடுக்கலன்னா விட்டுடும்."

"எடுக்குறேன்" என்றான்.

கடையில் அவனுக்குப் புது ஜோடி போட்டிருந்தார்கள். நல்ல ஆள், நிதானமான கை. அவன் பின்னால் வரும்போது ஏதாவது பேசிவிடுவானோ என்று குள்ளனுக்குக் காது விறைத்துக்கொண்டே இருக்கும். அவன் "ம்" தவிர ஒன்றும் பேசுவதில்லை. குள்ளனுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. விடிவதற்கு முன்னால் முழிப்பு வந்து, எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பகலில் சரியாகத்தான் இருந்தான். சாப்பிட்டான். பையனைத் திட்டினான். அளவெடுத்தால் நூல் பிசகவில்லை.

எட்டாவது ஞாயிறோ ஒன்பதாவதோ. பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து பையன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"சொல்லு" என்றாள் அக்கா.

"இருக்கவே வேணாம்னு தோணுதுடான்னான்." குள்ளன் நிறுத்தினான். "காலைல கண்ணு முழிச்சதும்..."

மேலே போகவில்லை. இத்தனை வாரம் தடங்கலில்லாமல் சொன்ன வார்த்தை. வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை மட்டும் நின்றுவிட்டது.

"தம்பி" என்றாள். மொட்டைமாடி அறைக்குப் பிறகு அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "இது அவன் சொன்னதா, நீ சொல்றதா?"

குள்ளன் ஜன்னலைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன். செத்துப்போகணும்னு உனக்குத் தோணுதா?"

அந்தக் கேள்வியை ஒரு மனுஷர் இன்னொரு மனுஷரிடம் இப்படிப் பட்டென்று கேட்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. கேட்ட பிறகும் வீடு அப்படியேதான் இருந்தது. மின்விசிறி சுற்றியது. பெண்டாட்டியின் ஊசி மேலே வந்தது.

"தெரியலக்கா" என்றான். "காலைல மட்டும். அந்த நேரத்துல மட்டும்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"போனை உன் பொண்டாட்டிகிட்ட குடு."

"அக்கா, அவகிட்ட எதுக்கு? அவ வேலையா இருக்கா. நான் அப்புறமா..."

"அப்புறம் கிப்புறம் எல்லாம் இல்ல. குடு. நீ குடுக்கலன்னா நான் ராத்திரி பஸ்ஸு ஏறி வருவேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு வருவேன்."

குள்ளன் போனை நீட்டினான். பெண்டாட்டி அதையும் அவனையும் பார்த்தாள். பல்லில் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள், முகத்தைச் சுளித்தபடி.

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். மடியிலிருந்து சட்டை நழுவியது, எடுக்கவில்லை. "இல்லக்கா" என்றாள் ஒரு தடவை. "விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உட்கார்ந்திருப்பாரு. பாத்திருக்கேன். தூக்கம் வரல போலன்னு விட்டுட்டேன். நான் கேக்கலக்கா." அப்புறம், "உங்க தம்பி சீட்டுல இருக்குற டாக்டரா? எங்க இருக்காரு? இருங்க, எழுதிக்கிறேன்." எழுத எதுவும் கையில் இல்லாமல் தரையைத் தடவினாள்.

குள்ளன் எழுந்து அலமாரியில் பென்சிலைத் தேடினான். கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அவள் எழுதிக்கொண்டே மற்றொரு கையால் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.